சுன்னத்தை நிறுத்தச் சொன்னது ஏன்

ஷமீம் கண்ணு,

உனக்கும் பிள்ளைக்கும் அல்லாஹ் நல்ல சுகத்தைக் கொடுக்கட்டும். நேற்று நான் டிரங்க் கால் போட்டுப் பேசியதை மாப்பிள்ளை உன்னிடம் எப்படிச் சொன்னாரோ தெரியவில்லை. பேரன் பிறந்திருக்கிறான், அவன் யார் ஜாடை என்றுகூடக் கேட்காமல், "வெள்ளிக்கிழமை சுன்னத் வேண்டாம், நிறுத்திடுங்க, நான் லெட்டர் போடுறேன்" என்று மட்டும் கத்திவிட்டு வைத்த மாமியாரைப் பற்றி அவர் என்ன நினைத்திருப்பார்! நான் என்ன செய்ய? வேப்பந்தட்டை தபால் ஆபீஸில் போன் மேசைமேல்தான் இருக்கிறது. தபால்தலை வாங்க வந்தவர்கள், மணியார்டருக்கு நின்றவர்கள் எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். லைனில் ஒரே இரைச்சல். "ஏன் மாமி? என்னாச்சு மாமி?" என்று அவர் கேட்கக் கேட்க, பிள்ளைக்கு எந்த இடத்தில் எதை வெட்டுவார்கள், வெட்டினால் என்ன ஆகக்கூடும் என்பதை அத்தனை ஆண்களுக்கு நடுவில் நின்று உரக்கச் சொல்ல எனக்கு நா எழவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் இருக்கும். பிள்ளைக்குப் பால் கொடுத்துத் தூங்க வைத்துவிட்டுப் படி. படித்து முடித்ததும் மாப்பிள்ளையிடமும் கொடு.

மாப்பிள்ளைமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் அனுப்பிய கார்டில் எழுதியிருந்தது எல்லாம் நியாயம்தான். பிறந்த பிள்ளைக்குச் சீக்கிரம் ஆறிவிடும், ஆஸ்பத்திரியிலேயே டாக்டர் சுத்தமாகச் செய்துவிடுவார், வீட்டுக்குத் திரும்பும்போது அந்த வேலையும் முடிந்திருக்கும் என்று எழுதியிருந்தார். ஊரில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அப்படித்தான், ஒரு தொந்தரவும் இல்லாமல் முடிகிறது. ஆனால் நம் குடும்பத்தில் ஒரு விஷயம் இருக்கிறது. உன் கல்யாணத்துக்கு முன்னால் அதை உன்னிடம் சொன்னேன். உன் மாமியாரிடமும் சொன்னேன். உன் தம்பி கலீலுக்கு ரத்தம் உறையாது என்பதோடு அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டார். அது நம் கலீலோடு நிற்கிற நோய் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. நீயோ வளையல் அளவு பார்த்துக்கொண்டே, "அப்ப பாத்துக்கலாம்மா" என்று சிரித்தாய். அந்த வயதில் நானும் அப்படித்தான் சிரித்திருப்பேன். முதலில் உனக்குப் பெண் பிறந்தாள். பேச்சு அப்படியே நின்றுபோயிற்று. இப்போது பையன் வந்துவிட்டான். இனி முழுவதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

கலீலுக்குச் சுன்னத் நடந்தபோது நீ இரண்டாம் வகுப்பு. வீட்டில் கூட்டம் என்று உன்னை எதிர்வீட்டில் விட்டிருந்தோம். அன்று பிரியாணி ஆக்கியும் யாரும் சாப்பிடவில்லை, அது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது என்று நீ ஒரு தடவை சொன்னாய். நம் பக்கத்தில் அப்போதெல்லாம் கைக்குழந்தைக்குச் செய்யும் வழக்கம் அவ்வளவாகக் கிடையாது. ஐந்து வயது, ஆறு வயது ஆன பிறகு, மாலை போட்டு ஊர்வலம் விட்டு, கல்யாணம் மாதிரிதான் செய்வார்கள். ஆனால் உன் அத்தாவுக்குக் குவைத் போக விசா வந்திருந்தது. போனால் எப்போது திரும்புவாரோ. மகனுடைய சுன்னத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டார். கைக்குழந்தைக்கு வலியே தெரியாது, புண்ணும் உடனே ஆறிவிடும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். சீக்கிரம் ஆறும் என்பது உண்மை. வலி தெரியாது என்பது பொய். அந்த அழுகையைக் கேட்ட எந்தத் தாயும் அதை நம்பமாட்டாள். அதனால் உன் பிள்ளைக்கு என்றைக்குச் செய்தாலும், முதலில் மரத்துப்போக மருந்து கொடுப்பீர்களா என்று டாக்டரிடம் கேள்.

பிறந்து நாற்பது நாள் கழியும் முன்பே நாள் வைத்தார்கள். விக்கிரமங்கலத்திலிருந்து என் அத்தா வந்திருந்தார். வந்ததும் வராததுமாக, "இப்பவே வேணுமாம்மா? புள்ள கொஞ்சம் வளரட்டுமே" என்றார். வயதானவர் ஏதோ சொல்கிறார் என்று யாரும் கண்டுகொள்ளவில்லை. பெரம்பலூரிலிருந்து லத்தீப் ஒஸ்தா வந்தார். சுன்னத் வைப்பதுதான் அவர் வேலை. சுற்றுவட்டாரத்தில் பாதி ஆண்களுக்கு அவர் கைதான். கத்தியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தார், டெட்டால் ஊற்றிக் கை கழுவினார், பிஸ்மி சொன்னார். உன் அத்தா பிள்ளையின் கால்களைப் பிடித்துக்கொண்டார். நுனித்தோலை முன்னால் இழுத்து, உள்ளே இருக்கும் மொட்டு மாட்டிக்கொள்ளாதபடி இடுக்கியால் நெருக்கிப் பிடித்து, இடுக்கிக்கு வெளியே இருப்பதை ஒரே இழுப்பில் எடுப்பார்கள். இன்றைக்கு டாக்டர்களும் கருவிதான் வேறே தவிர, செய்வது அதைத்தான். நான் உள் அறையில் இருந்தேன். அழுகை கேட்டது. கூடவே வெளியே பெண்கள் குலவையிட்டார்கள்.

கட்டுப் போட்ட கொஞ்ச நேரத்தில் துணி நனைந்துவிட்டது. மாற்றினார். மறுபடி நனைந்தது. ரத்தம் பீறிட்டு அடித்திருந்தால் எல்லாரும் உடனே பதறியிருப்போம். அப்படி வரவில்லை, ஷமீம். மெதுவாகக் கசிந்துகொண்டே இருந்தது. அதுதான் எங்களை ஏமாற்றியது. இதோ நின்றுவிடும், இதோ நின்றுவிடும் என்று ஒவ்வொரு துணியாக மாற்றிக்கொண்டிருந்தோம். நல்ல பிள்ளைக்குத் துணியில் சில பொட்டுகள் படும். கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். அழுத்தியும் நிற்கவில்லை என்றால், எவ்வளவு மெதுவாக வந்தாலும் அது ஆபத்துதான். உன் பிள்ளையின் உடம்பில் இருப்பதே கொஞ்சம் ரத்தம். பெரியவர்களுக்கு ஒன்றுமே இல்லாத அளவு அவனுக்கு நிறைய. இந்த ஒன்றை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்.

லத்தீப் ஒஸ்தா கதவோரம் வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது.

"தங்கச்சி, புள்ளைக்குத் தொப்புள் விழுந்தப்ப ரத்தம் வந்துச்சா?"

"வந்துச்சுண்ணே. ரெண்டு மூணு நாளு ஈரமாவே இருந்துச்சு. மஞ்சப்பொடி வச்சோம்."

அவர் உன் அத்தாவிடம் திரும்பினார். "பாய், இது என் கைக்கு அடங்காது. வண்டி பிடிங்க. டவுனுக்குத் தூக்கிடுவோம்."

வாசலில் இருந்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். காப்பித்தூளை வைத்து அழுத்து என்றார் ஒருவர், அடுப்புச் சாம்பல் என்றார் ஒருவர். "ஒன்னும் வைக்கக் கூடாது, சீழ் புடிச்சிடும்" என்று ஒஸ்தா சத்தம் போட்டார். சுத்தமான துணியை மடித்து வைத்து, இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ரைஸ்மில்காரர் தன் காரைக் கொடுத்தார். முன்னால் உன் அத்தா, பின்னால் நானும் ஒஸ்தாவும் என் அத்தாவும். பெரம்பலூர் போகும்வரை அந்த மனிதர் விரலை எடுக்கவே இல்லை. உன் அத்தா வழியெல்லாம் திரும்பித் திரும்பி, "என் புள்ளைய என்னய்யா பண்ணுன? என்னய்யா பண்ணுன?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் இரண்டு தையல் போட்டார். ஊசி நுழைந்த ஓட்டைகளிலிருந்தும் ரத்தம் கசிய ஆரம்பித்தது. அதைப் பார்த்ததும் அவர் கையை எடுத்துவிட்டு, "இதுல வேற என்னவோ இருக்கு. இங்க ரத்தம் ஏத்த வசதி இல்ல. நிக்காம திருச்சிக்குப் போங்க" என்றார். அதே காரில் கிளம்பினோம். பாடாலூர் தாண்டியதும் கலீல் அழுவதை நிறுத்திவிட்டான். அதுவரை அவன் அழுதது எனக்கு எவ்வளவு தெம்பாக இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. உதடு வெள்ளைத் துணி மாதிரி ஆகிவிட்டது. மார்பில் வைத்தேன், இழுக்கவில்லை. எனக்குத் தெரிந்த துஆவெல்லாம் மறந்துபோய், "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

திருச்சி பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருந்தார். வார்டில் வேலை பார்த்தவர் ஒஸ்தாவின் சட்டையில் இருந்த ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "உங்கள மாதிரி ஆளுங்க கண்ட கத்திய வச்சு அறுத்துட்டு, கடைசியில இங்க தூக்கிட்டு வந்துடுறீங்க" என்று திட்டினார். டாக்டரம்மா பிள்ளையைப் பார்த்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "அவரை விடுங்க. வெட்டு சுத்தமாத்தான் இருக்கு. நான் வெட்டியிருந்தாலும் இந்தப் புள்ளைக்கு நின்னிருக்காது." பிறகு என்னைப் பார்த்தார். "உங்க பிறந்த வீட்டுப் பக்கம் ஆம்பளப் புள்ளைங்க யாராவது ரத்தம் நிக்காம இறந்திருக்காங்களா?"

"இல்லீங்க" என்றேன். எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. எனக்கு முன்னால் பிறந்த அண்ணன் ஒருவன் காய்ச்சலில் போய்விட்டான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

சுவரோரம் நின்றுகொண்டிருந்த என் அத்தா, "இருந்தாம்மா" என்றார். அவர் என்னிடம் சொல்கிறாரா டாக்டரம்மாவிடம் சொல்கிறாரா என்றே எனக்குப் புரியவில்லை. "உன் அண்ணன் இக்பால். காய்ச்சல்ல போவல. மாலையெல்லாம் போட்டு உக்கார வச்சோம். நான்தான் மடியில புடிச்சிருந்தேன். விடிஞ்சா நின்னுடும்னாங்க. விடியறப்ப அவன் இல்ல."

"அதுக்கு முன்னாடி அவனுக்கு எப்பவாவது ரத்தம் கட்டுறது, வீங்குறது உண்டா?" என்று டாக்டரம்மா மெதுவாகக் கேட்டார்.

"எங்க இடிச்சாலும் கன்னிப்போயிடும். முட்டி வீங்கிக்கும். ஓயாம ஓடி விழுறான்னு அதுக்கு வேற அவனை அடிச்சிருக்கேன் டாக்டரம்மா." துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் பிறந்து, வளர்ந்து, கல்யாணமாகி, இரண்டு பிள்ளை பெற்று, அதுவரை என் அத்தா அழுது நான் பார்த்ததில்லை. பிறகு ஒரு நாள் அவரிடம், "ஏன்த்தா இத்தனை வருஷம் சொல்லல?" என்று கேட்டேன். "பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்குன்னு விட்டுட்டோம்மா" என்றார். பெண் பிள்ளைக்குத்தான் முதலில் தெரிய வேண்டும் என்று அவருக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்? அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்த மனிதர்மேல் எப்படிக் கோபம் வரும்?

டாக்டரம்மா அன்றும் அடுத்தடுத்த நாட்களிலும் எனக்குப் புரியும்படி சொன்னதை உனக்கும் சொல்கிறேன். காயம் பட்டால் ரத்தம் கட்டியாகி ஓட்டையை அடைக்க வேண்டும். அதற்கு வேண்டிய ஒரு சத்து சில ஆண் பிள்ளைகளின் ரத்தத்தில் பிறவியிலேயே குறைவாக இருக்கும். பெரும்பாலும் அது தாய் வழியாகத்தான் வருகிறது. தாய்க்கு வெளியே ஒன்றும் தெரியாது; அவள் நன்றாகவே இருப்பாள். அவள் பெறும் எல்லா ஆண் பிள்ளைக்கும் வராது, சிலருக்கு வரும். அவள் பெறும் பெண்ணிடமும் அது மறைந்திருக்கலாம், இல்லாமலும் போகலாம். என்னிடம் இருந்தது. உன்னிடம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. உன் உடம்பைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் வெள்ளிக்கிழமையை நிறுத்தச் சொன்னேன்.

கலீலுக்குப் புது ரத்தம் வேண்டும் என்றார்கள். உன் அத்தாவின் ரத்தம் சேர்ந்தது. துளித்துளியாக அது உள்ளே இறங்க, சாயங்காலத்துக்குள் கசிவு மட்டுப்பட்டது. பிள்ளை ஒரு தடவை முனகினான். பிறகு வாயைக் குவித்துப் பாலைத் தேடினான். ரத்தம் கொடுத்துவிட்டு வந்த உன் அத்தாவுக்கு யாரோ ஒரு டம்ளர் ஹார்லிக்ஸ் கொடுத்தார்கள். அவர் அதை எடுத்துக்கொண்டு வெளி வராந்தாவுக்குப் போனார். ஒஸ்தா காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல், காய்ந்த ரத்தச் சட்டையோடு தரையில் உட்கார்ந்திருந்தார். உன் அத்தா டம்ளரை அவர் கையில் வைத்து, "குடிங்கண்ணே. வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன்" என்றார். அன்றுவரை அவரை அண்ணன் என்று கூப்பிட்டதில்லை. ஒஸ்தா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, "புள்ள பொழச்சிடுவான்ல பாய்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு எந்த வீட்டில் கூப்பிட்டாலும், தாய் வழியில் ரத்தம் நிற்காத ஆள் யாரும் உண்டா என்று கேட்காமல் அவர் கத்தியை எடுப்பதில்லை என்று கேள்விப்பட்டேன்.

மறுநாள் உன் குப்பி, அத்தாவின் அக்கா, சாப்பாட்டுக் கேரியரோடு பஸ்ஸில் வந்தார். நடந்ததைக் கேட்டார். தலையில் கை வைத்துக்கொண்டு வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "எங்க வூட்டுல ஏழு தலைமுறைக்கு இப்படி ஒன்னு இல்லையே! இவ கொண்டாந்த ரத்தம்ல இது!" பக்கத்துக் கட்டில்காரிகள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளை மடியில் இருந்ததால் எனக்குத் தலையைக் குனிந்துகொள்ள முடிந்தது. உன் அத்தா அக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவர் என்று உனக்கே தெரியும். அன்று பேசினார். "அக்கா, நேத்துலேருந்து அவன் உடம்புல ஓடறது என் ரத்தம். இனிமே அவ ரத்தம், நம்ம ரத்தம்னு இந்தப் பேச்சு வேண்டாம்." குப்பி கேரியரைத் திறந்து சோறு போட்டார். ஆனால் அவர் சொன்னது ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கெட்ட ரத்தக்காரி என்று சில கல்யாண வீடுகளில் என் காதுபடவே பேசியிருக்கிறார்கள். நாங்கள் ஊர் திரும்பும்போது விசாவுக்கான கெடு முடிந்திருந்தது. உன் அத்தா குவைத்துக்குப் போகவே இல்லை. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை போட்டார். போயிருந்தால் எப்படி இருந்திருப்போம் என்று அவர் ஒரு நாளும் பேசியதில்லை.

அடுத்து உன் சின்னத் தம்பி ரஃபி பிறந்தபோது நாங்கள் அவசரப்படவில்லை. உன் அத்தா பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய், பிள்ளையின் உயிருக்கு ஆபத்து இருந்தால் என்ன செய்வது என்று நேராகவே கேட்டார். "உயிருக்குப் பயம் இருக்குன்னு டாக்டர் சொன்னா, அந்தப் பிள்ளை மேல அது கடமையில்ல பாய். அல்லாஹ் யாரையும் அப்படிச் சிரமப்படுத்த மாட்டான். முதல்ல பரிசோதனை பண்ணுங்க" என்றார் ஹஜ்ரத். உன் மாமியார் மார்க்கத்தைப் பற்றிக் கவலைப்பட்டால் இதைச் சொல். வேண்டுமானால் அங்கிருக்கும் ஆலிமிடமும் கேட்கச் சொல். ரஃபியின் ரத்தத்தை வேலூரில் கொடுத்துப் பார்த்தோம். அவனுக்கு அந்தக் குறை இல்லை. அந்தச் சேதி வந்த அன்று உன் அத்தா கடையைப் பூட்டிவிட்டு வந்து தொழுதார்.

ரஃபிக்குத் திருச்சியில் அதே டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரியில் வைத்துச் செய்தோம். செய்வதற்கு முன் பிள்ளையின் எடை பார்த்தார்கள், மஞ்சள் காமாலை இருக்கிறதா என்று கண்ணைப் பார்த்தார்கள். ஒன்றுக்குப் போகும் துவாரம் நுனியில்தான் இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். சில பிள்ளைகளுக்கு அது கீழ்ப்பக்கமாக இருக்குமாம். அப்படியிருந்தால் சுன்னத்தே வைக்கக் கூடாது, பின்னால் அதைச் சரிசெய்ய அந்தத் தோல்தான் வேண்டியிருக்கும் என்றார்கள். உன் பிள்ளைக்கும் இதெல்லாம் பார்க்கச் சொல். ரஃபி கொஞ்ச நேரம் அழுதான், பால் குடித்தான், தூங்கிவிட்டான். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. துணியை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சில பொட்டு ரத்தம். அவ்வளவுதான். ஒரு சுன்னத் இவ்வளவு சாதாரணமாக முடியக்கூடும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆறும் நாட்களில் செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒவ்வொரு தடவை துணி மாற்றும்போதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. வெதுவெதுப்பான தண்ணீரை மெதுவாக ஊற்றிச் சுத்தம் செய், தேய்க்காதே. துணி புண்ணில் ஒட்டாமல் இருக்க டாக்டர் சொல்லும் வாஸ்லினைத் தடவு. இறுக்கிக் கட்டாதே. பவுடர், சாம்பல், எண்ணெய் என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் வாங்கி ஓரமாக வைத்துவிடு. நுனியில் மெல்லிய மஞ்சள் படலம் தெரியும். ரஃபிக்கு அதைப் பார்த்துவிட்டுச் சீழ் என்று நான் அலறினேன். சீழ் இல்லை, ஆறுகிற புண் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். அதை உரித்து எடுக்கக் கூடாது. ஆனால் சிவப்பு மேலே பரவினாலோ, வீக்கம் கூடிக்கொண்டே போனாலோ, நாற்றமடித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, பிள்ளை பால் குடிக்க மறுத்தாலோ, அரை நாள் ஆகியும் ஒன்றுக்குப் போகாமல் இருந்தாலோ, அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்காவிட்டாலோ, யாரிடமும் யோசனை கேட்டுக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கு.

ஆனால் இதெல்லாம் ரத்தப் பரிசோதனைக்குப் பிறகுதான். டாக்டரிடம், "என் தாய்மாமா சுன்னத்தில் ரத்தம் போய் இறந்தார், என் கூடப்பிறந்த தம்பிக்கு ரத்தம் உறையாது" என்று இந்த வார்த்தைகளிலேயே சொல். விரலில் குத்திப் பார்க்கிற சாதாரணச் சோதனையில் இது தெரியாமல் போகலாம். உறைவதற்கான அந்தச் சத்து எவ்வளவு இருக்கிறது என்று தனியாகப் பார்க்கும் பெரிய இடத்தில்தான் கொடுக்க வேண்டும். அதுவரை தடுப்பூசி போட்டாலும் விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போடச் சொல். போட்ட இடத்தை வழக்கத்தைவிட அதிக நேரம் அழுத்திப் பிடி. குறை இல்லை என்று வந்துவிட்டால் சந்தோஷமாக நாள் வையுங்கள். நானும் அத்தாவும் வந்துவிடுவோம். இருக்கிறது என்று வந்தால், செய்வதா, எப்போது, எந்தப் பாதுகாப்போடு என்பதை அந்த நோயைத் தெரிந்த டாக்டர் சொல்லட்டும். வேண்டாம் என்று அவர் சொன்னால் வேண்டாம்தான்.

இருக்கிறது என்று வந்தால் நீ என்ன நினைப்பாய் என்பது எனக்குத் தெரியும், கண்ணு. நானும் அதையே நினைத்தேன். கலீலுக்கு முட்டி வீங்கும் ஒவ்வொரு தடவையும், அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிப் படுக்கும் ஒவ்வொரு தடவையும், நான்தானே இதை இவனுக்குக் கொடுத்தேன் என்று நினைத்தேன். போன வருஷம் அவன் பள்ளிக்கூடம் போக முடியாமல் கிடந்தபோது என்னைக் கேட்டான்: "ஏம்மா, இது இப்படித்தான் வரும்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா என்னைப் பெத்திருப்பீங்களா?" எனக்கு யோசிக்க ஒன்றுமே இருக்கவில்லை. "உன்னைப் பெத்திருப்பேன்டா. சுன்னத்தத்தான் தள்ளிப் போட்டிருப்பேன்" என்றேன். அவன் வீங்கிய காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தான் பார், அடுப்படியிலிருந்து உன் அத்தா என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார். இப்போது அவன் கபடி ஆடுவதில்லை, மரம் ஏறுவதில்லை. மற்றபடி நீ அறிந்த அதே வாய்தான். நேற்று நான் போன் பேசிவிட்டு வந்ததும், "அக்கா பையன் என்னை மாதிரி இருந்தா என்கிட்ட அனுப்பச் சொல்லுங்க, விழாம ஓடக் கத்துத் தரேன்" என்றான்.

உனக்கு அங்கே சங்கடம் வரும் என்று எனக்குத் தெரியும். உறவுக்காரர்களுக்குச் சொல்லியாகிவிட்டது, சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்தாகிவிட்டது, இப்போது போய் நிறுத்தினால் என்ன சொல்வார்கள் என்று உன் மாமியார் கேட்பார். நீ எதிர்த்துப் பேச வேண்டாம், அழவும் வேண்டாம். பிள்ளை பெற்ற உடம்பு. எல்லாவற்றையும் என் தலையில் போட்டுவிடு. எங்கம்மாதான் ஒரே பிடிவாதமாக நிறுத்திவிட்டார், யார் சொன்னாலும் கேட்கமாட்டார் என்று சொல்லிவிடு. அவர்கள் என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். எனக்கு அது பழகிப்போய்விட்டது. நீ பிள்ளையைப் பார்த்துக்கொள்.

உன் அம்மா